ஆணியில் இருநூற்றுப் பதினேழு

சேசு மரி சூசை துணை

சாம்பியன் ரீப்ஸ்
1898 டிசம்பர் 19, திங்கட்கிழமை

குடியாத்தத்தில் தம் தங்கை ஜூடித் வீட்டில் இருக்கும் என் பிரியமுள்ள வீட்டுக்காரர் மரியகுழந்தை அவர்களுக்கு லூயிசா எழுதுவது.

இங்கே நானும் கடையும் சுகம். அங்கே நீங்களும் பிள்ளைத்தாச்சி ஜூடித்தும் சுகமாக இருக்கத் தேவமாதாவை மன்றாடுகிறேன். சுகம் என்று எழுதிவிட்டேன். கடை சுகம்தான். என்னைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. நமக்குள் பொய் வேண்டாம்.

வியாழக்கிழமை ரயில் ஏறினீர்கள். குடியாத்தத்தில் இறங்கிய உடனே கார்டு போடுவதாகச் சொன்னீர்கள். இன்று திங்கள். தபால்காரர் நம் கடை வாசலுக்கு வந்ததும் நடையை வேகமாக்கிக்கொண்டு போகிறார், நான் கூப்பிட்டுக் கேட்பேன் என்ற பயத்தில். வேறு ஒருத்தியின் புருஷன் நாலு நாள் கார்டு போடவில்லை என்றால் அவள் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு உலை வைக்கப் போவாள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கல்யாணமான ஒன்பது வருஷத்தில் நான் சொல்லி நீங்கள் செய்யாமல் விட்டது ஒன்றுகூட இல்லை. அதனால்தான் இந்த ஒரு கார்டுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஊர்ச் செய்தி நல்லதாக இல்லை. பெங்களூரில் பிளேக் இன்னும் தணியவில்லையாம். இங்கே தங்கச் சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கும் கீழ் லைனில் இரண்டு வீட்டில் எலி செத்து விழுந்ததென்று கூரையைப் பிரித்து வெயில் விட்டிருக்கிறார்கள். அந்த வீட்டு ஜனங்களை ஊருக்கு வெளியே கூடாரத்தில் வைத்திருக்கிறார்கள். ரயிலிலும் ஜங்ஷனில் எல்லாரையும் இறக்கி, கையைப் பிடித்து, அக்குளைத் தடவிப் பார்க்கிறார்களாம். நீங்கள் ஐப்பசியிலேயே ஊசி போட்டுக்கொண்டவர். அதற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம் இருக்கும்போது யார் நிறுத்தப் போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

வியாபாரம் பண்டிகைக்குத் தக்கபடி நடக்கிறது. துரைமார் வீட்டு பட்லர்கள் திராட்சையும் சர்க்கரையும் கேட்டு வந்துகொண்டே இருக்கிறார்கள். நீங்கள் இல்லாமல் மேல் தட்டில் இருக்கும் சாமானை எடுக்க நானே ஏற வேண்டியிருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் செய்து கொடுத்த உயர நாற்காலி மேல்தான் ஏறுகிறேன். சுரங்கத்தில் உத்தரவு போடும் கேப்டன் துரை நினைப்பில் அதைக் 'கேப்டன் நாற்காலி' என்று நீங்கள் கூப்பிட்டதைக் கேட்டு இப்போது வாடிக்கைக்காரர்களும் அப்படியே கூப்பிடுகிறார்கள்.

பக்கத்து வீட்டுத் தாயம்மா நேற்று மெழுகுவர்த்தி வாங்க வந்தாள். வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே! "இன்னா லூயிசாம்மா, உன் வூட்டுக்காரரு உன்னைக் கேக்காம தும்மக்கூட மாட்டாராமே?" என்றாள். "தும்மறதுக்கு மட்டும் லீவு குடுத்துகீறேன்" என்றேன். கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவள் விடவில்லை. "பாவம்மா அந்த மனுசன், வாயில்லாப் பூச்சி" என்றாள்.

அந்தப் பாவம் என்ற சொல் என்னைக் குத்திவிட்டது. அவளை உட்கார வைத்து, உள்ளதைச் சொன்னேன். சுரங்கத்து ஷாப்ட் வாசலில் நான் ஆப்பம் விற்ற காலத்தில், கீழே லெவலில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடிக்கும் வேலையில் இருந்த நீங்கள், தினம் ஷிப்ட் முடிந்து வந்து என் கூடைப் பக்கத்தில் நின்றதைச் சொன்னேன். பெண் கேட்க ஆள் அனுப்பாமல் நீங்களே வந்து, "நீ சொல்லு, நான் கேக்கறேன். எனக்கு அப்டி இருந்தாத்தான் மனசு அடங்குது. உனக்குச் சரின்னா கட்டிக்கலாம்" என்று கேட்டதைச் சொன்னேன். எனக்கும் அது சரியாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. தாயம்மா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். மெழுகுவர்த்தியை மறந்துவிட்டுப் போனாள். இன்று காலையில் வந்து எடுத்துக்கொண்டு, தன் புருஷனும் அப்படிக் கேட்டிருந்தால் தானும் நாலு காசு பார்த்திருப்பேன் என்று முனகினாள்.

நம் பண்டிகை விளையாட்டை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அது நம்முடையது. ஆனால் உங்கள் பித்தளை வில்லையை அவள் பார்த்துவிட்டாள். கல்லாவுக்கு மேலே ஆணியில், இருநூற்றுப் பதினேழு என்று நம்பர் தெரிய மாட்டியிருக்கிறேன். சுரங்கத்தில் இறங்கும்போது மேலே கொடுத்துவிட்டுப் போகிற வில்லையை, வேலையை விட்ட பிறகும் நீங்கள் வைத்திருந்து, வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு என் கையில் கொடுத்துவிட்டு, மூன்று ராசாக்கள் திருநாள் வரைக்கும் கேப்டன் சொன்னபடி என்பீர்களே, இந்த வருஷம் ஊரில் இருக்க மாட்டேன் என்று அதை முன்னதாகவே கொடுத்துவிட்டுப் போனீர்கள். ஸ்டேஷனில் எல்லாரும் பார்க்க நெற்றியில் கை வைத்து சலாம் போட்டீர்கள். நானும் வெட்கம் கெட்டவள், சரியாகப் போடவில்லை, இன்னொரு தரம் என்றேன்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். நான் கொடுத்த பிஸ்கட் டின்னின் அரக்கு முத்திரையைப் பிறப்புத் திருநாள் காலைப் பூசை முடிகிற வரைக்கும் யாரும் உடைக்கக் கூடாது. ஜூடித் கெஞ்சுவாள். இளகிவிடாதீர்கள். பதிலுக்கு, மெழுகுவர்த்திப் பெட்டிக்குப் பின்னால் சாக்கில் சுற்றி நீங்கள் வைத்துவிட்டுப் போனதை நானும் தொடவில்லை. விரலால்கூட அமுக்கிப் பார்க்கவில்லை. சரி, ஒரு தரம் அமுக்கிப் பார்த்தேன். கெட்டியாக இருக்கிறது.

ஜூடித்தின் புருஷன் ரங்கூனிலிருந்து கப்பல் ஏறிவிட்டாரா என்று எழுதுங்கள். முதலில் நீங்கள் வந்து சேர்ந்தேன் என்று எழுதுங்கள்.

என் வருத்தத்தைத் தீர்க்க ஒரு காலணா கார்டு போதும்.

உங்கள் மனைவியும் கேப்டனுமான
லூயிசா


சேசு மரி சூசை துணை

சாம்பியன் ரீப்ஸ்
1898 டிசம்பர் 21, புதன்கிழமை

ஜங்ஷனுக்கு வெளியே பிளேக் முகாமில் இருக்கும் என் வீட்டுக்காரர் மரியகுழந்தை அவர்களுக்கு.

மற்ற எதையும் வாசிக்கிறதற்கு முன்னால் டின்னைத் திறந்துவிடுங்கள். முத்திரையை உடையுங்கள். இந்தக் கடிதத்தின் உறையில் அரக்கு வைத்து உங்கள் வில்லையை அழுத்தியிருக்கிறேன். நம்பர் தெரியும். இது நான் எழுதியதுதான், என் உத்தரவுதான் என்பதற்கு அதுவே அடையாளம். டின்னுக்குள் துணி ஒன்று மடித்திருக்கும். அதற்குப் பை உண்டு. பைக்குள் உங்கள் ஊசிக் காகிதம் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போய் டாக்டர் துரையிடம் காட்டுங்கள். காட்டிவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

இப்போது சொல்கிறேன். இன்று காலை ஜூடித்திடமிருந்து கார்டு வந்தது. அண்ணன் எப்போது புறப்படுகிறார், எனக்கு நாள் நெருங்குகிறதே என்று கேட்டிருந்தாள். நான் உங்களை அவளிடம் அனுப்பி ஆறு நாள் ஆகிறது. அரிசி நிறுத்துக்கொண்டிருந்தேன். தராசை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அரிசி வாங்க வந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தெளித்தாள்.

எங்கே போய் விசாரிக்கலாம் என்று கடையை அடைத்துக்கொண்டிருந்தபோது, கூட்ஸ் வண்டியில் வேலை பார்க்கும் நம் சுந்தரராஜ் வந்தான். வியாழக்கிழமை ஜங்ஷனில் உங்களைப் பார்த்தவன். அன்றைக்கே அவனை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டதால் இன்றுதான் ஊருக்குத் திரும்பினானாம். சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தான்.

"அக்கா, மாமா ஜங்ஷன்ல ஷெட்டுல கீறாரு, தெரியுமா? ஊசிக் காயிதம் எங்கேன்னு கேட்டாங்க. பெட்டியெல்லாம் கொட்டிப் பாத்தாரு, இல்ல. காயிதம் இல்லாத ஆளு பத்து நாளு ஷெட்டுலன்னுட்டாங்க. அந்த டின்னுல இன்னா கீதுன்னு கம்பவுண்டர் கேட்டாரு. அதுக்கு மாமா கைகட்டிகினு, 'ஐயா, இது எங்க வூட்டம்மா முத்திரை. அவங்க சொல்லாம நான் ஒடைக்க மாட்டேன்'னாரு. பிளாட்பாரமே சிரிச்சுது. கம்பவுண்டரும் சிரிச்சிட்டு, அப்போ நீயும் உன் டின்னும் சேந்து பத்து நாளு குந்துங்கன்னு அனுப்பிட்டாரு."

அவன் சொல்லி முடித்தபோது நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா?" என்றான்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன மாசம் எலி உங்கள் ஞானஸ்நானச் சான்றைக் கடித்துக் குதறியதே. ஊசிக் காகிதத்துக்கும் அந்தக் கதி வரக் கூடாது என்று, புதன்கிழமை மத்தியானம் நானேதான் அதை டின்னுக்குள் வைத்தேன். வழியில் காட்ட வேண்டிய காகிதம், ரயில் ஏறுகிறதற்கு முன்னால் டின்னைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி அரக்கு வைக்க வேண்டும் என்றும் நினைத்தேன். அரக்கையும் தீக்குச்சியையும் ஸ்டேஷனுக்கு மடியில் முடிந்துகொண்டுகூட வந்தேன். அங்கே நீங்கள் சலாம் போட்டீர்கள். நான் இன்னொரு தரம் என்றேன். வண்டி வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மடியை அவிழ்த்தபோது தீக்குச்சி விழுந்தது. இது எதற்கு மடியில் இருக்கிறது என்று யோசிக்காமல் எடுத்து அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். வியாபாரத்தில் ஒரு வீசை புளி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவள் நான். என் புருஷனின் உயிரை எங்கே வைத்தேன் என்பதை மறந்துவிட்டேன்.

டின்னில் இருக்கிறது எல்லாம் என்ன என்று நானே சொல்லிவிடுகிறேன். கம்பவுண்டர் முன்னால் எடுத்துப் பிரிக்கும்போது நீங்கள் கூச்சப்படக் கூடாது. துணி என்பது ஏப்ரன். மைதா மாவு வந்த சீமைப் பையைக் கிழித்து, நீலக் கரை வைத்து, மார்பில் 217 என்று சிவப்பு நூலில் போட்டிருக்கிறேன். போன வருஷம் நீங்கள் காதோடு கேட்டதுதான். மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். அதோடு ஒரு சின்ன மணி. பன்னிரண்டு மடித்த சீட்டு, நாளுக்கு ஒன்று.

முதல் சீட்டில், ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஜூடித்துக்குக் கஞ்சி வைக்க வேண்டும், யார் உத்தரவு என்று அவள் கேட்டால் நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவதில், நெசவுத் தெருவுக்குப் போய் எனக்கு ஒரு சேலை எடுக்க வேண்டும், எனக்குப் பிடித்த நிறத்தில் கூடாது, என்னை எந்த நிறத்தில் பார்க்க உங்களுக்கு ஆசையோ அந்த நிறத்தில். நாலாவதில், மத்தியானச் சங்கு ஊதும் நேரத்துக்கு மணியை அடிக்க வேண்டும், இங்கே நானும் அதே நேரத்துக்குக் கல்லாவை ஒரு தட்டுத் தட்டுவேன் என்று. ஏழாவதில், அன்றைக்கு முழுக்க ஒரு வேலையும் செய்யக் கூடாது, செய்தால் தண்டனை. தண்டனை என்ன என்று எழுதவில்லை. உங்களுக்கே தெரியும்.

எல்லாவற்றையும் இப்போதே பிரித்து வாசித்தாலும் எனக்குக் குறையில்லை. பன்னிரண்டாவதை மட்டும் விட்டுவையுங்கள். அது மூன்று ராசாக்கள் திருநாளுக்கு முந்தின நாள் பிரிக்க வேண்டியது.

ஒரு விஷயம் கேட்கிறேன். யோசித்துப் பதில் எழுதுங்கள். தாயம்மா உங்களைப் பாவம் என்றதை முன் கடிதத்தில் எழுதினேன். அது ஜூடித் வீட்டில் கிடக்கும். அந்தச் சொல் இன்றைக்கு என் தலைக்குள் சுற்றுகிறது. பிளாட்பாரத்தில் எல்லாரும் சிரித்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது? நாம் முதல் கிறிஸ்துமஸிலேயே பேசிக்கொண்டோம். கேஜ் மணி மாதிரி நமக்கும் மணி இருக்கிறது. ஒரு தட்டு என்றால் நிறுத்து. விளையாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் அந்த நிமிஷம் நின்றுவிட வேண்டும், கேப்டனும் இல்லை, உத்தரவும் இல்லை. மூன்று தட்டு என்றால் ஆள் ஏறியாச்சு, மேலே தூக்கு. ஒன்பது வருஷத்தில் நீங்கள் ஒரு தட்டு தட்டியது இரண்டே தரம். இரண்டு தரமும் நான் நின்றேன். பிளாட்பாரத்தில் உங்களுக்குத் தட்டத் தோன்றியிருந்தால், கேட்க நான் அங்கே இல்லை. இப்போது எழுத்தில் தட்டுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். வில்லையை உங்கள் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறேன்.

சுந்தரராஜ் இந்தக் கடிதத்தைத் தானே கொண்டுபோகப் பார்த்தான். நாளைக்கு அவனுக்கு வேறு திக்கில் வண்டியாம். அதனால் தபாலில் சேர்க்கிறேன். நானே வரட்டுமா என்று கேட்டதற்கு, "வந்தா உன்னை வேற ஷெட்டுல போடுவாங்க அக்கா, மாமாவை நீ பாக்கவே முடியாது" என்கிறான்.

முகாமில் கொடுக்கும் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். தரையில் படுக்காதீர்கள். யார் இருமினாலும் தள்ளி உட்காருங்கள். உங்கள் சுபாவம் எனக்குத் தெரியும், இருமுகிறவன் பக்கத்தில்தான் போய் உட்காருவீர்கள்.

டின்னைத் திறந்துவிட்டீர்கள்தானே?

கலங்கிய மனதோடு
லூயிசா


சேசு மரி சூசை துணை

சாம்பியன் ரீப்ஸ்
1898 டிசம்பர் 28, புதன்கிழமை

என் உயிருக்குச் சமமான மரியகுழந்தை அவர்களுக்கு.

உங்கள் கார்டு இன்று காலை கிடைத்தது. ஆறு தரம் வாசித்துவிட்டேன். தபால்காரரையே முதலில் வாசிக்கச் சொன்னேன், எனக்குக் கண் ஓடவில்லை.

இருபத்துநாலாம் தேதிதான் என் கடிதம் உங்கள் கையில் கிடைத்தது என்கிறீர்கள். வெளியிலிருந்து வருகிற கடிதத்தை வாசலில் ஒரு நாள் வைத்திருந்துதான் உள்ளே தருவார்களாம். அந்த நிமிஷமே டின்னைத் திறந்தீர்கள், காகிதம் சொன்ன இடத்தில் இருந்தது, டாக்டர் துரை பார்த்துச் சரி என்று தலையை ஆட்டினார். ஆனால் முந்தின நாள் சாயங்காலமே உங்கள் ஷெட்டில் படுத்திருந்த மாட்டு வியாபாரிக்குக் காய்ச்சல் ஏறி, கழுத்தில் கட்டி கண்டு, அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இனி அந்த ஷெட்டில் இருந்த எவரும், ஊசி போட்டவரானாலும், இன்னும் பத்து நாள் நகரக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது. இதெல்லாம் கார்டில் நாலு வரி. நெல் அளக்கிற மாதிரி சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள்.

ஒரே ஒரு நாள் பிந்திவிட்டது. நான் ஸ்டேஷனில் ஞாபகமாக இருந்திருந்தால் நீங்கள் ஷெட்டுக்கே போயிருக்க மாட்டீர்கள். அது போகட்டும், சுந்தரராஜ் ஒரு நாள் முன்னால் வந்திருந்தால், தபால் வாசலில் நிற்காமல் இருந்திருந்தால், அந்த மனுஷனுக்குக் காய்ச்சல் வருகிறதற்குள் நீங்கள் வெளியே வந்திருப்பீர்கள். இப்படியே நினைத்துக்கொண்டு போனால் பைத்தியம் பிடிக்கும் என்று தாயம்மா சொல்கிறாள். பண்டிகையன்றைக்கு அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போய்க் கோயில் வாசலில் விட்டாள். அவள் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். எனக்காகப் பூசை முடிகிற வரைக்கும் வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும் வழியில், "உன் வூட்டுக்காரரைப் பாவம்னு சொன்னேனே, அது தப்பு. நீதான் பாவம், உனக்கு அந்த ஆளு இல்லாம கையும் ஓடல காலும் ஓடல" என்றாள். அவள் சொன்னது உண்மை.

கார்டின் பின்பக்கம் நீங்கள் எழுதியதைச் சொல்ல வேண்டும். அதை வாசித்தபோது கடையில் ஆள் இருந்தார்கள், நான் உள்ளே போய்விட்டேன். பண்டிகையன்று காலையில் முதல் சீட்டைப் பிரித்தீர்களாம். ஜூடித் அங்கே இல்லை என்பதால் உத்தரவு செல்லாது என்று இருந்துவிடாமல், ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஷெட்டில் இருந்த பதினோரு பேருக்கும் கஞ்சி வைத்தீர்களாம். கம்பவுண்டர் வந்து மார்பில் இருந்த நம்பரைப் பார்த்து, இது எந்த ஜெயில் என்று கேட்டாராம். "எங்க வூட்டு ஜெயிலுங்க. நானே போய்ச் சேந்துகிட்டது, வெளிய வர இஷ்டமில்ல" என்றீர்களாம். அவர் சிரித்துவிட்டுத் தனக்கும் ஒரு குவளை கஞ்சி கேட்டாராம்.

நான் கேட்டதற்கும் பதில் எழுதியிருக்கிறீர்கள். "பிளாட்பாரத்திலும் ஒரு தட்டு தட்டத் தோன்றவில்லை, இங்கேயும் தோன்றவில்லை. ஆணியிலிருந்து வில்லையை எடுத்தால்தான் எனக்கு வருத்தம்." இந்த இரண்டு வரி எனக்குப் பிறப்புத் திருநாளின் வெகுமதி. வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

ஆனால் மரியகுழந்தை, நான் வியாபாரி. சரக்கில் எது இருக்கிறது என்று பார்க்கிறதற்கு முன்னால் எது இல்லை என்று பார்த்துப் பழகியவள். கார்டில் கஞ்சி இருக்கிறது, கம்பவுண்டர் இருக்கிறார், மாட்டு வியாபாரியின் பேர் ஊர் எல்லாம் இருக்கிறது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. முன்பக்கத்து எழுத்து நேராக ஓடுகிறது. பின்பக்கத்துக் கடைசி மூன்று வரி கீழே சரிந்து போயிருக்கிறது. பென்சில் மழுங்கிவிட்டதா? மடியில் வைத்து எழுதினீர்களா? வெளிச்சம் போதவில்லையா? இந்த மூன்றையும் நானே சொல்லிக்கொண்டு பார்த்தேன். ஒன்றிலும் மனசு நிற்கவில்லை. கேப்டனிடம் எதை வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம், மறைக்கக் கூடாது என்பதுதானே நம்முடைய முதல் சட்டம். அதை எழுதச் சொன்னதே நீங்கள்தான்.

ஜூடித்துக்கு ஞாயிற்றுக்கிழமை பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம். பக்கத்து வீட்டு அம்மாள் கூட இருந்து பார்த்துக்கொள்கிறாளாம். அந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

கடையை ஜனவரி மூன்றாம் தேதி வரைக்கும் நடத்துவேன். அன்றைக்கு உங்கள் ஷெட்டின் நாள் முடிகிறது. நாலாம் தேதிக்குள் நீங்களோ உங்கள் கையெழுத்தோ வரவில்லை என்றால், சாவியைத் தாயம்மாவிடம் கொடுத்துவிட்டு ஐந்தாம் தேதி ரயில் ஏறுகிறேன். நானும் நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். கை வீங்கியிருக்கிறது, எழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம். பார்த்தீர்களா, நான் சொல்லிவிட்டேன். காகிதத்தை ரவிக்கைக்குள் வைத்திருக்கிறேன், எந்த டின்னிலும் வைக்கவில்லை. என்னை வேறு ஷெட்டில் போட்டால் போடட்டும். நடுவில் வேலிதான் இருக்குமாம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு உங்களை மருந்து குடிக்க வைக்க என்னால் முடியும்.

மெழுகுவர்த்திப் பெட்டிக்குப் பின்னால் நீங்கள் வைத்தது அப்படியே இருக்கிறது. பண்டிகை தாண்டிவிட்டது, திறந்து பார் என்று தாயம்மா நச்சரித்தாள். திறக்க மாட்டேன். நீங்கள் பக்கத்தில் நின்று, நான் பிரிக்கிறதைப் பார்த்துக் காதைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். அது இல்லாமல் அதற்குள் என்ன இருந்தால் எனக்கென்ன?

மத்தியானச் சங்குக்கு நான் தினமும் கல்லாவைத் தட்டுகிறேன். நாலாம் சீட்டுக்கு இன்றுதான் முறை, ஆனாலும் பண்டிகையிலிருந்தே தட்டுகிறேன். அங்கே நீங்கள் மணியை அடித்திருந்தால் அது மூன்றாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வில்லை ஆணியில் இருக்கிறது. நீங்கள் சொன்னபடியே எடுக்கவில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், ஷிப்ட் முடிந்த பிறகும் ஆணியில் வில்லை இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். மேலே இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போக மாட்டார்கள். ஷாப்ட் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் அப்படித்தான் நிற்கிறேன். நீங்கள் வந்து உங்கள் கையால் அதைக் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டு, அடுத்த கிறிஸ்துமஸுக்கு மறுபடி என் கையில் கொடுக்க வேண்டும்.

ஒன்பது வருஷமாக உங்களுக்கு உத்தரவு போட்டவள் நான். இன்றைக்கு முட்டி போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பன்னிரண்டாவது சீட்டைக் கடைசி நாள் வரைக்கும் வைக்க வேண்டாம், இந்தக் கடிதம் கிடைத்ததும் பிரித்துவிடுங்கள். அதில் உங்களை வீட்டுக்குக் கூப்பிடும் ஒரே ஒரு சொல்தான் எழுதியிருக்கிறேன். கேப்டனாக இருந்து உத்தரவாக எழுதியது. அதைக் கெஞ்சலாக வாசித்துக்கொள்ளுங்கள்.

மாதா உங்கள் தலைமாட்டிலும் காவல் தூதராகிய சம்மனசு கால்மாட்டிலும் இருந்து உங்களைக் காக்கட்டும்.

வழி பார்த்து நிற்கும்
உங்கள் லூயிசா